செல்சி பென்ஷன் பதிவேட்டில் ஒரு படைவீரரைத் தேடுவது எப்படி?

1750 நவம்பர் 21 அன்று லண்டனில் செல்சி ஹாஸ்பிடலின் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. ஹன்னா ஸ்னெல், வயது 27, சேவை நாலரை ஆண்டு, புதுச்சேரியில் இரண்டு கால்களிலும் தொடையில் காயம், பிறந்த ஊர் வூஸ்டர், அப்பா சாயத் தொழிலாளி. அவ்வளவுதான் அந்த வரி.

பெயரைப் பார்த்தால் பெண் என்று தெரியும். ஜேம்ஸ் கிரே என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு படையில் சேர்ந்தவர் அவர். 1748-இல் அட்மிரல் பாஸ்கவன் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடிக்க முற்றுகை போட்டுத் தோற்றுத் திரும்பினாரே, அந்தப் படையில் இருந்து காயம்பட்டார். ஊர் திரும்பியதும் தான் பெண் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, படைத் தலைவராக இருந்த கம்பர்லாந்து கோமகனிடம் மனு கொடுத்துப் பென்ஷன் வாங்கினார். அந்த வரியில் 'புதுச்சேரி' என்ற ஊர்ப்பெயரைப் பார்த்தபோது எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. நம் கடற்கரையில் நடந்த சண்டைகளில் கை கால் இழந்த சாதாரண வீரர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று தேட வேண்டுமென்றால், அந்தத் தேடல் லண்டனில் இருக்கும் இந்தப் பதிவேடுகளில்தான் தொடங்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஊனமுற்றுப் பென்ஷன் கேட்ட பிரிட்டிஷ் வீரர் ஒருவரை இந்தப் பதிவுகளில் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிப் படிப்பது என்பதை முதன்முறை தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

முதலில், பென்ஷன் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டி நேரே பெயர் தேடப் போகிறவர்கள் பாதியில் குழம்பிப் போவார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செல்சி ராயல் ஹாஸ்பிடலை 1681-இல் நிறுவியவர் இரண்டாம் சார்லஸ் மன்னர். கட்டடம் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்தது. பாரிஸில் பதினான்காம் லூயி கட்டிய இன்வாலிட் மாளிகைதான் முன்மாதிரி. ஹாஸ்பிடல் என்று பெயர் இருந்தாலும், நோயாளிகள் வந்து போகிற ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட வேண்டாம். வயதான, ஊனமுற்ற வீரர்கள் ஆயுசு முழுக்கத் தங்கிச் சாப்பிடும் அடைக்கல விடுதி அது. 1692-இல் திறந்தபோது 476 பேருக்கு இடம் கிடைத்தது. தகுதியுள்ளவர்களோ அதைவிடப் பல மடங்கு. உள்ளே இடமில்லாதவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்து பணம் வாங்கிக்கொண்டார்கள். இவர்களை 'அவுட் பென்ஷனர்' என்றார்கள், அதாவது வெளிப் பென்ஷன்காரர்கள். நீங்கள் தேடுகிற ஆள் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருப்பார்.

சாதாரண வெளிப் பென்ஷன் ஒரு நாளைக்கு 5 பென்ஸ். பழைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக வருடத்துக்கு 7 பவுண்டு 12 ஷில்லிங் 1 பென்னி வரும். வேலையில் இருந்த காலாட்படை வீரரின் சம்பளமே நாளைக்கு 8 பென்ஸ்தான். இந்தப் பென்ஷனை அரசாங்கம் 'ராயல் பவுண்டி' என்றது, மன்னர் மனமிரங்கிக் கொடுப்பது என்று அர்த்தம். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? வீரர்களின் சம்பளத்தில் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் பிடித்தம் இருந்தது. அதில் ஒரு பங்கு செல்சிக்குப் போனது. அது போக வருடத்தில் ஒரு நாள் சம்பளமும் பிடித்தம். தங்கள் கூலியிலிருந்து பிடித்த காசைத்தான் கை போன பிறகு கையேந்தி வாங்கினார்கள். இந்தப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிற பணிவான சொற்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1806-க்கு முன்னால் பென்ஷன் சட்டப்படியான உரிமை கிடையாது. இத்தனை வருடம் உழைத்தால் இவ்வளவு என்று கேட்டு வாங்கும் உரிமை, அமைச்சர் வில்லியம் விண்டம் அந்த வருடம் கொண்டுவந்த சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன் எல்லாமே மனுவும் சிபாரிசும்தான். ரெஜிமெண்டின், அதாவது அவர் இருந்த படைப்பிரிவின், தலைமை அதிகாரி டிஸ்சார்ஜ் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு வீரர் செல்சிக்கு வந்து ஹாஸ்பிடலை நிர்வகித்த கமிஷனர்கள் முன் நிற்க வேண்டும். மருத்துவர் உடம்பைப் பரிசோதிப்பார். அப்புறம்தான் பெயர் பதிவேட்டில் ஏறும்.

பெயர் ஏறினாலும் காசு உடனே கைக்கு வந்துவிடவில்லை. 1754 வரை பென்ஷன் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் வருடம் முடிந்த பிறகு. புதிதாகச் சேர்ந்தவர் முதல் காசைப் பார்க்கவே ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஒற்றைக் காலோடு ஒரு வருடம் எதைச் சாப்பிடுவது? வட்டிக்காரர்களிடம் பென்ஷனையே அடகு வைத்தார்கள். வட்டி போக மிஞ்சியது சொற்பம், பலருக்கு அதுவும் இல்லை. அப்போது படையின் சம்பளப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் பிட் 1754-இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்பின் ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கிடைத்தது. பென்ஷனை அடகு பிடித்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றும் ஆனது. உங்கள் ஆள் 1754-க்கு முந்தியவரா பிந்தியவரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்ந்த விதமே இதை வைத்து மாறும்.

அடுத்து, அவர் யாருடைய ஆள்?

பெயரைத் தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். இதில் தவறினால் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மன்னரின் தரைப்படை என்றால் செல்சி. அயர்லாந்துக் கணக்கில் இருந்த ரெஜிமெண்ட் என்றால் டப்ளினில் கில்மெய்னம் என்ற இன்னொரு ஹாஸ்பிடல். 1822 வரை இந்தப் பிரிவினை இருந்தது. பீரங்கிப் படை, ஆயுதத் தளவாடங்களைக் கவனித்த ஆர்டனன்ஸ் வாரியத்தின் கீழ் தனியாக இயங்கியது. கடற்படை என்றால் கிரீனிச் ஹாஸ்பிடல், அல்லது அதைவிடப் பழைய, சாட்டம் (Chatham) என்ற ஊரின் பெயரால் அமைந்த 'சாட்டம் பெட்டி'. 'பெட்டி' என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே இரும்புப் பெட்டி ஒன்றில் மாலுமிகளின் பிடித்தப் பணத்தைப் போட்டுவைத்து, காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பிய வீரர் என்றால் செல்சியில் தேட வேண்டாம். அவர்களுக்காக ராபர்ட் கிளைவ் 1770-இல் ஒரு நிதி ஏற்படுத்தினார். வங்காள நவாப் மீர் ஜாஃபர் அவருக்கு எழுதிவைத்த 5 லட்சம் ரூபாய்தான் அதன் முதல். ஊனமுற்ற அதிகாரிகள், வீரர்கள், விதவைகளுக்கு அதிலிருந்து பென்ஷன் போனது. அந்தக் கணக்குகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன.

கம்பெனிப் படையில் இருந்த நம் ஊர்ச் சிப்பாய்களுக்குச் செல்சியும் கிடையாது, கிளைவ் நிதியும் கிடையாது. அவர்களைப் பற்றித் தேடுகிறவர்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய், கம்பெனியின் மதராஸ் ராணுவத் துறைப் பதிவுகளில் தொடங்க வேண்டும். அது தனி வேலை, வேறு விதமான பொறுமை. இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

மரைன் வீரர்களில், அதாவது கப்பலில் போய்ச் சண்டையிடும் படைவீரர்களில், ஒரு சிக்கல் உண்டு. 1755-இல் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டியின் கீழ் நிரந்தர மரைன் படை வந்தது. அதற்கு முன், 1739 முதல் திரட்டிய மரைன் ரெஜிமெண்டுகள் தரைப்படை ரெஜிமெண்டுகளாகவே உருவானவை. மரைன் வீரராகக் கப்பலில் போன ஹன்னா ஸ்னெல் கிரீனிச்சில் இல்லாமல் செல்சி பதிவேட்டில் இருக்கிறார் என்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ரெஜிமெண்டைப் பிடியுங்கள்

பெயரைவிட ரெஜிமெண்ட் முக்கியம். ஜான் ஸ்மித், வில்லியம் பிரவுன் எல்லாம் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். எந்த ரெஜிமெண்ட் என்று தெரிந்தால் வட்டம் சட்டென்று சுருங்கும்.

1751-க்கு முன் ரெஜிமெண்டுகளைக் கர்னலின் பெயரால்தான் அழைத்தார்கள். கைஸ் ரெஜிமெண்ட் என்று பார்த்தால் அது பின்னாளில் 6-ஆம் காலாட்படை. எண்கள் வந்த பிறகும் அவை மாறின. நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம்: 1780 ஜனவரியில் மதராஸில் வந்திறங்கிய மெக்லியோட் பிரபுவின் ஹைலேண்டர் ரெஜிமெண்டுக்கு அப்போது எண் 73. அதே வருடம் செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் சிக்கியது இதன் ஒரு பகுதிதான். பிழைத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை சிறையில் கிடந்தார்கள். 1786-இல் இந்த ரெஜிமெண்டின் எண் 71 ஆகிவிட்டது. பொள்ளிலூரில் காயம்பட்டவர் ஒருவரை 73-இல் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம், 71-லும் பாருங்கள். இந்தியாவுக்கு வந்த முதல் மன்னர் ரெஜிமெண்டான 39-ஆம் காலாட்படை 1754-இல் வந்தது. கர்நாடகப் போர்க்காலத்து ஆட்களைத் தேடுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. 1787-க்கு முன் 41-ஆம் ரெஜிமெண்ட் என்று கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். அது 1719-இல் வெளிப் பென்ஷன்காரர்களையே திரட்டி உருவாக்கிய இன்வாலிட் ரெஜிமெண்ட். பென்ஷன் வாங்கினால் வேலை முடிந்தது என்று ஆகவில்லை. கோட்டைக் காவலுக்கு வா என்று அழைப்பு வந்தால் போயாக வேண்டும். 1740-இல் கமடோர் ஆன்சன் உலகைச் சுற்றக் கிளம்பியபோது 500 செல்சி பென்ஷன்காரர்களைக் கப்பலேற்ற உத்தரவானது. நடக்க முடிந்தவர்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து ஓடிவிட்டார்கள். ஓட முடியாத 259 பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், எழுபது கடந்தவர்களும் இருந்தார்கள். ஸ்கர்வி நோயில் கடலிலேயே கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பதிவேட்டில் ஒருவரின் பெயர் திடீரென்று மறைந்துபோனால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இப்போது தேடலாம்

லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்தான் இடம். அதன் 'டிஸ்கவரி' என்ற இணையப் பட்டியலை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். போர்த் துறை ஆவணங்கள் எல்லாம் 'டபிள்யூஓ' (WO) என்ற எழுத்துகளில் தொடங்கும். நமக்கு வேண்டியவை நான்கு வரிசைகள்.

டபிள்யூஓ 97: 1760 முதலான டிஸ்சார்ஜ் ஆவணங்கள். பென்ஷனுக்குப் போனவர்களின் காகிதங்கள் இங்கே.
டபிள்யூஓ 121: அதே வகை ஆவணங்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு ரொம்ப உதவும்.
டபிள்யூஓ 116: 1715 முதல் கமிஷனர்கள் முன் வந்தவர்களை நாள்வாரியாக எழுதிய அனுமதிப் பதிவேடுகள்.
டபிள்யூஓ 120: பென்ஷன்காரர்களை ரெஜிமெண்ட் வாரியாக எழுதிய பதிவேடுகள்.

கில்மெய்னம் என்றால் 118, 119 ஆகிய வரிசைகள்.

97-லும் 121-லும் பெயர் போட்டுத் தேடலாம், பிறந்த ஊர் போட்டும் தேடலாம். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தன் பெயரைச் சொல்ல, ஸ்காட்லாந்து உச்சரிப்புக்குப் பழகாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'மெக்' என்று தொடங்கும் பெயர்களில் இது சர்வ சாதாரணம். 97-இன் படங்களை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். முதலில் இலவசப் பட்டியலில் ஆளை உறுதி செய்துகொண்டு அப்புறம் காசு கட்டுங்கள்.

1760-க்கு முந்தியவர் என்றால் 116-இல் நாள்வாரியாகப் பக்கம் புரட்ட வேண்டியதுதான். எந்த வருடம் படையை விட்டார் என்று தோராயமாகவாவது தெரிந்தால் நல்லது. போர் முடிந்து ரெஜிமெண்டுகள் கலைகிற வருடங்களில் கூட்டம் அதிகம். 1748, 1763, 1783 என்று அமைதி உடன்படிக்கைகள் வந்த காலத்தை ஒட்டித் தேடிப் பாருங்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. பிப்ரவரி 1715 என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1716. குறிப்பெடுக்கும்போது இரண்டு வருடத்தையும் எழுதிவையுங்கள்.

டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படிப்பது

பல காகிதங்கள் அச்சடித்த படிவங்கள், இடைவெளியைக் கையால் நிரப்பியிருப்பார்கள். எஃப் போலத் தெரிகிற நீள எஸ் ஒன்று வரும். ஒரு நாள் பழகினால் பிடிபட்டுவிடும்.

மேலே பெயர், ரெஜிமெண்ட், பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த உள்ளூர் வட்டாரம்), மாவட்டம். அப்புறம் எத்தனை வருடம் நேர்மையாக உழைத்தார் என்று ஒரு வரி. அதற்கடுத்து வருவதுதான் காகிதத்தின் உயிர்: ஏன் இனிமேல் உழைக்க முடியாது என்பது. 'வோர்ன் அவுட்' என்று அடிக்கடி பார்ப்பீர்கள். உழைத்து உழைத்து உடம்பு தேய்ந்துபோனவர் என்று பொருள். 'ரப்சர்' என்றால் குடலிறக்கம். பாரம் தூக்கியே இது வந்தவர்கள் ஏராளம். மூட்டுவாதம், இரைப்பு, கண் பார்வை போனது எல்லாம் வரிசையாக வரும். குண்டுக் காயம் பட்டவர்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வரியை எழுதியவர் காயம்பட்டவர் இல்லை, அவருடைய அதிகாரி. கமிஷனர்கள் ஏற்றுக்கொள்கிற மாதிரி எழுத வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. எந்தச் சண்டையில் காயம் என்று குறிப்பிட்டிருந்தால், அந்த நாளில் அந்த ரெஜிமெண்ட் அங்கே இருந்ததா என்று சரிபாருங்கள். டபிள்யூஓ 12 வரிசையில் உள்ள ஆள் கணக்கு, சம்பளப் பட்டியல்கள் இதற்குக் கைகொடுக்கும்.

பிறகு 'மாட்சிமை தங்கிய மன்னரின் கருணைக்குத் தகுந்தவர் எனப் பணிவுடன் சிபாரிசு செய்கிறேன்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதன்பின் சம்பளம், துணிமணி பாக்கி எல்லாம் வாங்கிவிட்டேன் என்று வீரரின் ஒப்புதல். பலருடைய காகிதத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கும். பேனாவைப் பிடித்துப் பழகாத கை நடுங்கிப் போட்ட இரண்டு கோடுகள். காகிதம் முழுக்க அடுத்தவர் எழுதியது, அந்த இரண்டு கோடுகள் மட்டும்தான் அவருடையவை. அதைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

கடைசியில் அங்க அடையாளம் இருக்கும்: உயரம், முடி நிறம், கண் நிறம், முகத்தின் நிறம், படையில் சேரும் முன் பார்த்த தொழில். காகிதம் வேறு யார் கையிலாவது சிக்கி அவர் போய்ப் பென்ஷன் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. படம் வரைந்து வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏழைக்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே உருவப்படம் பல சமயம் இதுதான். தொழிலையும் பாருங்கள். நெசவாளி, செருப்புத் தைப்பவர், கூலி என்று இருக்கும். கை போனவர் திரும்பப் போய்த் தறியில் உட்கார முடியுமா என்று யோசித்தால், அந்த 5 பென்ஸின் மதிப்பு புரியும்.

கிடைக்கவில்லை என்றால்

பதிவு இல்லை என்பதற்கு அவர் ஊனமடையவில்லை என்று அர்த்தமில்லை. அதிகாரியின் சிபாரிசு கிடைக்காதவர்கள், செல்சி வரை வர வழியில்லாதவர்கள், வந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாம் இருந்தார்கள். பழைய காலத்தில் மாவட்டங்களே காயம்பட்ட வீரர்களுக்குப் பென்ஷன் கொடுத்தன. 1593-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு 1679-இல் காலாவதியாகிவிட்டது. அப்புறம் செல்சி கைவிட்டால் சொந்த ஊர்ப் பாரிஷின் ஏழை நிவாரணம்தான் கதி. அதனால் அடுத்துத் தேட வேண்டியது அவர் பிறந்த பாரிஷின் நிவாரணக் கணக்குகளை. அவை அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கும். விதவையின் பெயரிலும் தேடுங்கள்.

கிடைத்தால், மூன்று விஷயங்களை அப்போதே எழுதிவையுங்கள்: வரிசை எண்ணும் அதற்குள் தொகுதி எண்ணும், பக்கம், பரிசோதனை நடந்த தேதி. அந்தத் தேதியில் பதிவேட்டின் முன்பின் வரிகளையும் படித்துவிடுங்கள். ஒரே ரெஜிமெண்டிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் அடுத்தடுத்து நின்றிருப்பார்கள். உங்கள் ஆளோடு அன்று காலை செல்சி வரிசையில் நின்ற அடுத்த ஆளின் காயத்தில், நீங்கள் தேடுகிற சண்டையின் பெயர் எழுதியிருக்கலாம்.